தலைவர் மாறினால் பிரிட்டிஷ் வாக்காளரின் மனம் மாறுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: பிரிட்டனில் செல்வாக்கு இழந்து நிற்கும் ஒரு கட்சி, அதிலும் ஆளும் கட்சி, தன் தலைவரை மாற்றினால் போன வாக்குகள் திரும்பி வருமா? “இன்னார் தலைவராக இருந்தால் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள்?” என்று கேட்டு வெளியிடப்படும் கருத்துக்கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவர் மாறும்போது வாக்கு நகர்வது உண்மை. சில சமயம் அது ஒரு தேர்தலையே புரட்டிப் போடும் அளவுக்கு இருந்திருக்கிறது. ஆனால் அந்த நகர்வு புதியவரின் முகத்தையும் பேச்சையும் விட, பழையவரோடு சேர்ந்து எது வெளியேறுகிறது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. வாக்காளர் வெறுத்த ஒரு கொள்கையோ, தீராத ஒரு முட்டுக்கட்டையோ பழைய தலைவரோடு போய்விடும் என்று நம்ப இடமிருந்தால் கட்சி எழுகிறது. வெறுப்பு கட்சியின் மீதே படிந்துவிட்டிருந்தால் எவர் வந்தாலும் சில வாரங்களில் எண்கள் பழைய இடத்துக்கே வந்து சேர்கின்றன. “இன்னார் வந்தால்” வகைக் கணிப்புகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

அந்தக் கணிப்புகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். வழக்கமான கேள்வி, “நாளையே பொதுத்தேர்தல் நடந்தால் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள்?” என்பது. இதில் எந்தத் தலைவரின் பெயரும் வராது. இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் வாக்காளர் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ தேவாலய மண்டபத்திலோ உள்ள வாக்குச்சாவடிக்குள் போனால் கையில் கிடைப்பது ஒரு தாளும், நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சிலும்தான். தாளில் இருப்பவை தன் தொகுதி வேட்பாளர்களின் பெயர்களும் கட்சிகளின் பெயர்களும் சின்னங்களும். பிரதமராகப் போகிறவரின் பெயரை, அவருடைய சொந்தத் தொகுதியில் வசிப்பவர்கள் மட்டுமே அந்தத் தாளில் காண்கிறார்கள். ஆகவே பெயரில்லாத கேள்விதான் வாக்குச்சீட்டுக்கு நெருக்கமானது.

“இன்னார் வந்தால்” வகைக் கேள்வி வேறு மாதிரி. கட்சிக்கு ஒன்றாக மூன்று நான்கு தலைவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இவர்கள் தலைமையில் தேர்தல் நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. பத்திரிகைகள் இந்த இரண்டாவது கேள்வியின் விடையை முதல் கேள்வியின் விடையோடு ஒப்பிட்டு, இத்தனை புள்ளி ஏற்றம், இத்தனை புள்ளி இறக்கம் என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன. இது பிழையான ஒப்பீடு. தலைவர்களின் பெயர்களைச் சொல்வதே விடையை மாற்றிவிடும், ஏனெனில் அதுவரை கட்சியை நினைத்துக்கொண்டிருந்தவர் அந்தக் கணத்தில் ஆட்களை நினைக்கத் தொடங்குகிறார். தற்போதைய தலைவரின் பெயரையும் அதே வாக்கிய அமைப்பில் வைத்துக் கேட்டு, அந்த எண்ணோடு மட்டுமே புதியவரின் எண்ணை ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டு எண் வெளியிடப்படவில்லை என்றால் அந்தக் கணிப்பை ஒதுக்கிவைத்துவிடுவது என் வழக்கம்.

இன்னொரு சிக்கல் அறிமுகம். அரசியலை அன்றாடம் பின்தொடராத வாக்காளரிடம், அமைச்சரவையில் ஐந்தாவது ஆறாவது இடத்தில் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னால், அவர் மனத்தில் எந்த உருவமும் எழாது. அவர் “தெரியாது” என்பார், அல்லது தன் கட்சிப் பற்றுக்கேற்ப ஏதோ சொல்வார். ஏற்கெனவே தொலைக்காட்சியில் முகம் பழகியவருக்கு இதில் இயல்பாகவே சாதகம் உண்டு. அதனால் இத்தகைய கணிப்புகளில் முன்னிலை பெறுபவர் பெரும்பாலும் மிகவும் தெரிந்தவர்தான். அவர் மிகவும் தகுதியானவரா என்பது வேறு கேள்வி.

பழையவரோடு எது வெளியேறுகிறது என்பதே முக்கியம் என்பதற்கு மிகத் தெளிவான சான்று 1990 நவம்பர். அப்போது பதினொன்றரை ஆண்டுகளாகப் பிரதமராக இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் மார்கரெட் தாட்சர், ஒவ்வொரு வயதுவந்தவரும் வருமானம் எதுவாக இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய உள்ளாட்சி வரியை, 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொண்டுவந்தார். மக்கள் அதைத் தலைவரி என்றே அழைத்தார்கள். மாளிகையில் வாழ்பவரும் அதே மாவட்டத்தில் ஒற்றை அறையில் வாழ்பவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்பது எளிய மக்களை மட்டுமல்லாமல் கன்சர்வேடிவ் கட்சியின் சொந்த ஆதரவாளர்களையும் கொதிக்க வைத்தது. 1990 மார்ச்சில் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. அதே மாதம் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் இடைத்தேர்தலில் கட்சி தோற்றது. அக்டோபரில் ஈஸ்ட்போர்னும் போயிற்று. அந்த வசந்தத்தில் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் முன்னிலை 20 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. வங்கி அடிப்படை வட்டி 15 சதவீதத்தை எட்டி, அக்டோபரில்தான் 14க்கு இறங்கியது. வீட்டுக் கடன் கட்டும் குடும்பங்களுக்கு அது என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 13இல் துணைப் பிரதமராக இருந்த ஜெஃப்ரி ஹவ் தன் பதவி விலகல் உரையை நிகழ்த்திய பிறகு, முன்னாள் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் கட்சித் தலைமைக்கான போட்டியில் இறங்கினார். அவர் தலைவரானால் கன்சர்வேடிவ் கட்சி தொழிற்கட்சியை முந்தும் என்று கணிப்புகள் வந்தன. அவருடைய வலுவான ஆயுதமே அதுதான். கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நவம்பர் 20இல் வாக்களித்த முதல் சுற்றில் தாட்சருக்கு 204 வாக்குகளும் ஹெசல்டைனுக்கு 152 வாக்குகளும் விழுந்தன. அன்றைய விதிப்படி வெல்வதற்குத் தேவையான இடைவெளிக்குத் தாட்சருக்கு நான்கு வாக்குகள் போதவில்லை. 22ஆம் தேதி அவர் விலகினார். அதன் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியமானது. ஜான் மேஜரும் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்டும் களத்துக்கு வந்த சில நாள்களிலேயே எடுக்கப்பட்ட கணிப்புகளில், ஓராண்டாக நிதியமைச்சராக இருந்தும் பொதுமக்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத மேஜருக்கும் ஹெசல்டைனுக்கு இணையான ஏற்றம் தெரிந்தது. அதோடு ஹெசல்டைனின் வாதம் சரிந்தது. 27ஆம் தேதி மேஜர் 185 வாக்குகள் பெற்றார், ஹெசல்டைன் 131, ஹர்ட் 56.

மேஜருக்குக் கிடைத்த அந்த ஏற்றத்தை அவர் ஆளுமையின் விளைவு என்று சொல்ல முடியுமா? பெரும்பாலோருக்கு அவரைத் தெரியவே தெரியாது. தாட்சர் போகிறார், அவரோடு தலைவரியும் போகலாம் என்ற நம்பிக்கைக்கு விழுந்த வாக்கு அது. மேஜர் அந்த நம்பிக்கையை வீணாக்கவில்லை. ஹெசல்டைனையே அமைச்சரவைக்கு அழைத்து, தலைவரியை ஒழிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். 1991 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில், விற்பனை மீதான மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 17.5 ஆக உயர்த்தி, அந்தப் பணத்தைக் கொண்டு தலைவரியில் ஆளுக்கு 140 பவுண்டு குறைத்தார்கள். அந்த வரி முற்றிலும் நீங்கிப் புதிய வீட்டு வரி வந்தது 1993இல்தான் என்றாலும், அது போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வட்டியும் 1991 செப்டம்பரில் 10.5 சதவீதத்துக்கு இறங்கியது.

1992 ஏப்ரல் 9 தேர்தலில் கடைசிக் கணிப்புகள் சராசரியாகத் தொழிற்கட்சி சற்று முன்னிலையில் இருப்பதாகச் சொன்ன நிலையில், கன்சர்வேடிவ் கட்சி 41.9 சதவீத வாக்குகளும் 336 இடங்களும் பெற்று நான்காம் முறையாக வென்றது. 13 ஆண்டுகளாக ஆண்ட கட்சியை மக்கள் புதிய அரசாகவே பார்த்தார்கள். லூட்டன் நகரில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் பேசிய மேஜரின் படம் அந்தப் பிரசாரத்தின் அடையாளமாகிவிட்டது. பிரிக்ஸ்டனில் வளர்ந்து 16 வயதில் பள்ளியை விட்ட ஒருவர் என்பதும் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தலைவரியை அப்படியே வைத்துக்கொண்டு அவர் பெட்டி மேல் ஏறியிருந்தால் யாரும் நின்று கேட்டிருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம்.

இதற்கு நேர்மாறான பாடம் கோர்டன் பிரவுனுடையது. 2006இலும் 2007இன் தொடக்கத்திலும், தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேருக்குப் பதில் அவருடைய நிதியமைச்சர் பிரவுன் வந்தால் என்று கேட்ட கணிப்புகள், கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரனின் முன்னிலை இன்னும் விரியும் என்றன. சிலவற்றில் அது பத்துப் புள்ளிகளைத் தாண்டியது. பிரவுன் வந்தால் தொழிற்கட்சிக்கு அழிவு என்று எழுதாத பத்திரிகை குறைவு. 2007 ஜூன் 27இல் அவர் பிரதமரானார். அடுத்த மூன்று நாள்களுக்குள் லண்டனில் கார்க் குண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன, கிளாஸ்கோ விமான நிலையம் தாக்கப்பட்டது. ஜூலையில் இங்கிலாந்தின் பல பகுதிகளை வெள்ளம் மூழ்கடித்தது, ஆகஸ்டில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் வந்தது. ஒவ்வொன்றிலும் பரபரப்பில்லாத, நிதானமான ஒரு பிரதமரை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். தொழிற்கட்சி முந்தியது. செப்டம்பர் இறுதியில் சில கணிப்புகளில் அதன் முன்னிலை பத்துப் புள்ளிகள் அளவுக்குப் போயிற்று. முன்கூட்டியே கேட்ட கணிப்புகள் திசையையே தவறவிட்டிருந்தன.

காரணம் எளிது. கற்பனையாக ஒரு கேள்வி கேட்கப்படும்போது வாக்காளர் இன்றைய பிரவுனை, நிதியமைச்சராக இருந்து தன் சம்பளத்தில் வரி பிடிக்கிறவரை, நினைத்துப் பதில் சொல்கிறார். பிரதமர் இல்லமான டவுனிங் தெருப் பத்தாம் எண் வாசலில் நின்று பேசும் பிரவுனை அவர் இன்னும் பார்க்கவில்லை. பதவி ஒருவரை வேறாகக் காட்டும், பதவியேற்ற பின் வரும் செய்திகள் இன்னும் வேறாகக் காட்டும். இவை எதையும் எந்தக் கேள்வித்தாளும் முன்கூட்டித் தர முடியாது.

அப்படியானால் இவ்வகைக் கணிப்பு எப்போதுமே பயனற்றதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். 2019இல் அது சரியாகவே திசை காட்டியது. கன்சர்வேடிவ் பிரதமர் தெரசா மே, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் தன் பிரெக்சிட் ஒப்பந்தத்தை மூன்று முறை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற முயன்று தோற்ற பிறகு, மே 23இல் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி சுமார் 9 சதவீத வாக்குகளோடு ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சி 30 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. போரிஸ் ஜான்சன் தலைவரானால் இந்த வாக்குகளில் பெரும்பங்கு திரும்பும் என்று கணிப்புகள் கூறின. திரும்பவும் செய்தன. ஜூலை 24இல் அவர் பிரதமரானார். ஆகஸ்டுக்குள் கட்சி 30 சதவீதத்தைக் கடந்தது. நவம்பரில் ஃபராஜ், கன்சர்வேடிவ் கட்சி 2017இல் வென்றிருந்த 317 தொகுதிகளில் தன் வேட்பாளர்களை நிறுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். டிசம்பர் 12இல் ஜான்சன் 43.6 சதவீத வாக்குகளோடு 365 இடங்களை வென்றார்.

இங்கே கணிப்பு பலித்ததற்குக் காரணம், கட்சியை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள் என்பது ஒற்றை வரியில் தெரிந்திருந்தது என்பதே. பிரெக்சிட்டை முடித்துத் தா என்பது அவர்கள் கோரிக்கை. அதை முடிப்பார் என்று நம்பத்தக்க ஒருவராக, 2016 வாக்கெடுப்புப் பிரசாரத்தை முன்னின்று நடத்திய ஜான்சன் தெரிந்தார். அவருடைய பெயரே ஒரு கொள்கையாக இருந்தது. கேள்வியில் பெயரைச் சொன்னபோது கொள்கையும் சேர்ந்து சொல்லப்பட்டது போல் ஆயிற்று. இத்தகைய தெளிவு அரிதாகவே வாய்க்கிறது. போனவர்கள் பல திசைகளில், பல காரணங்களுக்காகப் போயிருந்தால் ஒரே ஆளால் அவர்கள் எல்லோரையும் அழைத்து வர முடியாது.

2022 பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது, ஏனென்றால் தலைவர் மாற்றம் கட்சியை உயர்த்தாததோடு நில்லாமல் அதன் அடித்தளத்தையே பெயர்த்தெடுத்த ஆண்டு அது. கன்சர்வேடிவ் கட்சியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் போட்டியாளர்களை இருவராகக் குறைப்பார்கள், அந்த இருவரில் ஒருவரைக் கட்சியின் சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். உறுப்பினர்கள் நாட்டின் வாக்காளர்களைப் போன்றவர்கள் அல்லர். அவர்களுக்குப் பிடித்தவர் பொதுமக்களுக்கும் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஜான்சனுக்குப் பிறகு யார் என்ற போட்டியில், நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக் 137 வாக்குகளோடு முதலிடத்தில் இருந்தார், லிஸ் டிரஸ் 113. உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் டிரஸ் 57.4 சதவீதத்தோடு வென்று செப்டம்பர் 6இல் பிரதமரானார்.

செப்டம்பர் 23இல் அவருடைய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் பெரும் வரிக்குறைப்புகளை, அவற்றுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் அறிவித்தார். அடுத்த வேலைநாள் திங்கட்கிழமை, பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவு சரிந்தது. புதன்கிழமை இங்கிலாந்து வங்கி அரசுப் பத்திரச் சந்தையில் தலையிட்டது. சாதாரணக் குடும்பத்தை இது எப்படித் தொட்டது என்பதைப் பார்த்தால்தான் வாக்கு நகர்வின் வேகம் புரியும். பிரிட்டனில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் நிலையான வட்டியில் இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் அன்றைய வட்டிக்குப் புதிதாக ஒப்பந்தம் செய்தாக வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் காலம் முடிந்த ஒரு குடும்பம் காலையில் வங்கியின் இணையப் பக்கத்தில் பார்த்த கடன் திட்டம் மாலையில் விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. அக்டோபரில் இரண்டாண்டு நிலையான வட்டி சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டியது. முந்தைய ஒப்பந்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாகக் கட்டிவந்தவர்கள் ஏராளம். சமையலறை மேசையில் உட்கார்ந்து மாதத் தவணையைக் கணக்குப் பார்த்தவருக்கு, அதன் காரணம் அரசு என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் இறுதியில் யூகவ் நிறுவனத்தின் கணிப்பு தொழிற்கட்சிக்கு 33 புள்ளி முன்னிலை காட்டியது. அக்டோபர் 20இல் டிரஸ் விலகலை அறிவித்தார். 25ஆம் தேதி சுனக் வந்தார். கட்சியைவிடச் சுனக்கின் தனிப்பட்ட மதிப்பீடு தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. முன்னிலையும் 30 புள்ளிகளிலிருந்து 20 புள்ளிகள் அளவுக்குக் குறைந்தது. அதற்கு மேல் அது அசையவில்லை. அவர் அக்டோபரில் பொறுப்பேற்றபோது 11.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2024 மே மாதத்தில் 2 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, ஆனால் ஏறிய விலைகள் இறங்கவில்லை, தவணையும் இறங்கவில்லை. 2024 ஜூலை 4இல் கன்சர்வேடிவ் கட்சி 23.7 சதவீத வாக்குகளும் 121 இடங்களும் மட்டுமே பெற்றது. இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம். ஒரு தலைவர் மூன்று வாரங்களில் கரைத்த நம்பிக்கையை அடுத்தவரால் இருபது மாதங்களில் கட்டியெழுப்ப முடியவில்லை.

எதிர்க்கட்சிகளில் இந்தக் கணக்கு வேறு. அங்கே தலைவர் மாறுவதால் யாருடைய வரியும் குறைவதில்லை, எந்தச் சட்டமும் நீங்குவதில்லை, அதனால் விளைவும் மெதுவாகவே தெரியும். 2001இல் வில்லியம் ஹேக் தலைமையில் கன்சர்வேடிவ் கட்சி பெற்றது 31.7 சதவீதம். இடையில் இயன் டங்கன் ஸ்மித் வந்து போய், மைக்கேல் ஹவர்ட் தலைமையில் 2005இல் அது பெற்றது 32.4 சதவீதம். இரண்டு தலைமை மாற்றங்களின் பலன் முக்கால் புள்ளிகூட இல்லை. டோனி பிளேர் 1994 ஜூலையில் தலைவரானபோது கிடைத்த பெரும் முன்னிலையை அவருடைய கவர்ச்சிக்கே வரவு வைப்பவர்கள், 1992 செப்டம்பர் 16இல் பவுண்டு ஐரோப்பிய நாணய ஏற்பாட்டிலிருந்து தூக்கியெறியப்பட்ட பிறகு, ஜான் ஸ்மித் தலைமையிலேயே தொழிற்கட்சி வெகுவாக முந்திவிட்டதை மறந்துவிடுகிறார்கள். பிளேர் அதைப் பெருக்கினார், காத்தார். அது சிறிய சாதனையன்று. ஆனால் வாசலைத் திறந்தது எதிர்த்தரப்பின் தோல்விதான்.

சிறிய கட்சிகளில் மட்டும் தலைவரின் ஆளுமை நேரடியாக எண்களில் தெரிகிறது. அவற்றின் கொள்கைகளைப் படித்தவர்கள் குறைவு என்பதால் முகமே கட்சியாகிறது. 2024 ஜூன் 3இல், தேர்தல் பிரசாரத்தின் நடுவில், ரிச்சர்ட் டைஸிடமிருந்து ரிஃபார்ம் கட்சியின் தலைமையை ஃபராஜ் எடுத்துக்கொண்டார். அதே கட்சி, அதே கொள்கைகள். பத்தே நாள்களில் ஒரு கணிப்பில் அது கன்சர்வேடிவ் கட்சியை ஒரு புள்ளி முந்தியது. 2025 செப்டம்பரில் ஸாக் போலன்ஸ்கி பசுமைக் கட்சியின் தலைவரான பிறகு, பத்துச் சதவீதத்தின் அருகில் இருந்த அந்தக் கட்சி, அடுத்த சில மாதங்களில் சில கணிப்புகளில் 15ஐத் தொட்டது. பெரிய கட்சிகள் தலைவரை மாற்றும்போது இப்படி ஏறும் என்று எதிர்பார்ப்பது தவறு, ஏனெனில் பெரிய கட்சியைப் பற்றி எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது.

வாக்குச் சதவீதம் ஏறினால் இடங்கள் ஏறும் என்றும் நேராகக் கணக்கிட்டுவிடக் கூடாது. தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில், 2024இல் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்குகளுக்கு 650இல் 411 இடங்களை எடுத்தது. ரிஃபார்ம் 14.3 சதவீதத்துக்கு 5 இடங்களும், லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைவான 12.2 சதவீதத்துக்கு 72 இடங்களும் பெற்றன. கன்சர்வேடிவ் கட்சியைப் பொறுத்தவரை, ரிஃபார்முக்குப் போனவர்களை ஈர்க்கும்படி பேசும் ஒரு தலைவர், சர்ரே மாவட்டத்தில் வோக்கிங், கில்ட்ஃபோர்டு போன்ற தொகுதிகளில் லிபரல் டெமாக்ரட்டுக்குப் போன மிதவாதிகளை இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிடக்கூடும். இடப்புறம் பசுமைக் கட்சிக்கும் வலப்புறம் ரிஃபார்முக்கும் வாக்குகளை இழக்கும் தொழிற்கட்சிக்கும் இதே இக்கட்டுதான். ஆகவே “மூன்று புள்ளி ஏற்றம்” என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த மூன்று புள்ளியும் எந்தக் கட்சியிலிருந்து, எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் அந்த உட்பிரிவு நூறு பேருக்கும் குறைவானவர்களின் பதிலாகவே இருக்கும். அதை வைத்து ஒரு கட்சி தன் பிரதமரை மாற்றத் துணிவது எனக்குக் கவலை தருகிறது. ஒரு நாட்டின் அரசை நடத்துகிறவரை அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கவிடக் கூடாது.

கடைசியாக, காலம். பிரிட்டனில் பிரதமர் மாறினால் உடனே தேர்தல் நடத்த வேண்டும் என்ற சட்டம் இல்லை. புதியவரே நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், கிடைத்த ஏற்றம் உயிரோடு இருக்கும்போதே வாக்குக் கேட்பதா என்பது அவர் எடுக்கும் முதல் பெரிய முடிவு. 1955 ஏப்ரல் 6இல் சர்ச்சிலிடமிருந்து பொறுப்பேற்ற ஆண்டனி ஈடன் ஐம்பதே நாள்களில் தேர்தலை நடத்தி, 17ஆக இருந்த பெரும்பான்மையை 60 அளவுக்கு உயர்த்தினார். ஜான்சன் ஐந்து மாதங்களுக்குள் வென்றார். தெரசா மே பதவியேற்று ஒன்பது மாதங்கள் கழித்து, 2017 ஏப்ரலில், 20 புள்ளி அளவு முன்னிலையோடு தேர்தலை அறிவித்தார். முதியோர் பராமரிப்புச் செலவு பற்றிய வாக்குறுதியை வெளியிட்ட நான்கே நாள்களில் அதைத் திருத்த நேர்ந்தது. ஏழு வாரப் பிரசாரத்தில் முன்னிலை கரைந்து, தொழிற்கட்சியின் 40 சதவீதத்துக்கு எதிராக 42.4 என்று முடிந்து, பெரும்பான்மையும் போனது. கையில் இருக்கும் ஏற்றம் பிரசாரத்தைத் தாங்குமா என்பதும் சேர்ந்த கணக்கு இது. தொழிற்கட்சிப் பிரதமர் ஜிம் காலகன் 1978 செப்டம்பரில் இந்த ஆண்டு தேர்தல் இல்லை என்று அறிவித்தார். அடுத்து வந்த வேலைநிறுத்தக் குளிர்காலம் அவரை 1979 மே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது.

பிரவுனிடம் திரும்பி வருகிறேன். 2007 செப்டம்பர் நடுவில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் மக்கள் பணத்தை எடுக்க வரிசையில் நின்றபோதுகூட அவர் முன்னிலை குலையவில்லை. தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சை அவருடைய ஆட்கள் தடுக்காமல் வளர விட்டார்கள். அக்டோபர் 1இல் கன்சர்வேடிவ் கட்சியின் நிதித்துறைப் பேச்சாளர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பத்து லட்சம் பவுண்டுக்குக் குறைவான சொத்துக்கு வாரிசு வரி கிடையாது என்று வாக்குறுதி அளித்தார். சில நாள்களில் முன்னிலை கரைந்தது. வெற்றிக்குத் தேவையான இழுபறித் தொகுதிகளில் எடுத்த கணிப்பு தொழிற்கட்சி பின்தங்கியிருப்பதைக் காட்டியது. 6ஆம் தேதி, சனிக்கிழமை, தேர்தல் இல்லை என்று பிரவுன் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தெரிவித்தார். அந்தக் கணிப்பைப் பார்த்துத்தான் பின்வாங்கினாரா என்ற கேள்விக்கு இல்லை என்றார், அதை நம்பியவர்கள் குறைவு. அதுவரை அவருக்குப் பலமாக இருந்த நிதானம், அன்று முதல் தயக்கமாகப் பார்க்கப்பட்டது. அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது 2010 மே 6இல், உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு. தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 29 சதவீதம்.